வெள்ளிக்கிழமைச் சீட்டு

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு கொடுத்து அனுப்புவேன். நோட்டுத் தாளில் பாதி அளவு, அதில் இரண்டே வரி. படிக்கத் தெரிந்த ஆள் இல்லாத வீடும் உண்டு என்பதால், அந்த இரண்டு வரியையும் மனப்பாடமாகச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் பிள்ளைகள் வாசலைத் தாண்ட வேண்டும். “வீட்டில் இருப்பவர்களைச் சுவரை ஒட்டி நிற்க வைத்துக் கோடு போடு, உயரம் அளந்து வா.” “பெரியவர்கள் சின்ன வயதில் எந்த ஆற்றில் குளித்தார்கள்? கேட்டு வா.” இப்படித்தான் இருக்கும். செய்வதற்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை முதல் பாடவேளை முழுக்க அதைப் பற்றிய பேச்சு. மதிப்பெண் கிடையாது, சிவப்பு மை கிடையாது.

இந்தச் சீட்டுக்கு வந்து சேர எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

2005இல் இடைநிலை ஆசிரியையாக வேலையில் சேர்ந்தேன். அப்போது திருப்பூர், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2009இல்தான் தனி மாவட்டமானது. எங்களுடையது லைன் வீடுகளுக்கு நடுவில் இருக்கும் அரசுத் தொடக்கப் பள்ளி. ஒரு காம்பவுண்டுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடு, ஒரு தண்ணீர்க் குழாய், பொதுவில் இரண்டு கழிப்பறை. பெற்றோரில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். ஓவர்லாக் டைலர், பேட்லாக் டைலர், கட்டிங், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று எந்த வேலையைச் சொன்னாலும் அதைச் செய்யும் அப்பாவோ அம்மாவோ என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இருப்பார். சொந்த ஊர் கேட்டால் அவிநாசி, காங்கேயம் என்று சொல்பவர்கள் குறைவு. தேனி, உசிலம்பட்டி, அறந்தாங்கி, பட்டுக்கோட்டை என்பார்கள். போகப் போக பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் என்ற பெயர்களும் பதிவேட்டில் ஏறின.

ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் தினமும் வீட்டுப்பாடம் கொடுத்தேன். தமிழில் ஒரு பக்கம், கணக்கில் ஐந்து, வாய்ப்பாடு ஒன்று. காலையில் வந்ததும் நோட்டை வாங்கிப் பார்ப்பேன். எழுதாத பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்வேன். தினமும் நிற்பவர்கள் அதே ஏழெட்டுப் பேர்தான். அவர்களைச் சோம்பேறிகள் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் அந்த ஏழெட்டுப் பேரில் ஒருவனின் அம்மா பள்ளிக்கு வந்தார். கம்பெனியில் அரை ஷிப்ட்டுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தார். தேனிப் பக்கத்துக்காரர். “காலைல எட்டரைக்கு உள்ள போனா ஒன்றரை ஷிப்ட்டு முடிச்சு ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய விடுறாங்க டீச்சர். நான் வந்து ஒலை வைக்கிறதுக்குள்ள புள்ள தூங்கிப்போறான். எழுப்பிச் சோத்த ஊட்டுறதா, நோட்ட எடுத்து வைக்கிறதா?” என்று கேட்டார். அதில் கோபம் எதுவும் இல்லை. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. தினமும் காலையில் நான் திருத்திக்கொண்டிருந்தது பிள்ளையின் படிப்பை அல்ல, அவன் வீட்டின் நேரத்தை என்பது அன்றைக்கு உறைத்தது.

அடுத்தும் ஒரு தவறு செய்தேன். எழுதுகிற வேலையைக் குறைத்துவிட்டுச் செய்கிற வேலை கொடுக்கலாம் என்று நினைத்தேன். அப்போது வகுப்பறைகளில் செயல்வழிக் கற்றல் வந்திருந்தது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007ஐ ஒட்டி மாநிலம் முழுக்கப் பரவிய முறை அது. அட்டைகள், ஏணிப்படி, பிள்ளைகள் உட்கார்ந்தபடி எழுதும் கீழ்மட்டக் கரும்பலகை எல்லாம் வந்ததில் நான் பெரிய உற்சாகத்தில் இருந்தேன். அதே வேகத்தில் ‘வீடுகளின் வகைகள்’ மாதிரி செய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலை ஒரு அப்பா வேலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் நின்றார். கையில் தெர்மாகோலில் செய்த ஓட்டு வீடு. சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் தெர்மாகோல், கலர் பேப்பர், பசை, ஸ்கெட்ச் எல்லாம் வாங்கி, இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து அவரே செய்திருக்கிறார். எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். நூற்றி நாற்பது ரூபாய் என்றார். அன்றைக்கு ஏறக்குறைய அவருடைய ஒரு ஷிப்ட் கூலி அது. அவருடைய மகள் அந்த வீட்டைத் தொடவே இல்லை. ‘கெட்டுப்போகும்’ என்று தொட விடவில்லையாம்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் வீட்டுப்பாடமே கொடுக்காமல் இருந்தேன். கொடுப்பதைவிட அது மேல் என்று தோன்றியது.

2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்றில் கழிவு கலப்பதை நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தண்ணீரைக் கெடுத்த தொழிலுக்கு ஒரு கணக்கு தீர்க்க வேண்டியிருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் லைன் வீடுகளில் அந்த உத்தரவு வேறு மாதிரி வந்து இறங்கியது. சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்த அப்பாக்கள் பகல் முழுக்க வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். சாயம் நின்றதால் துணி வரத்துக் குறைந்து, தையல் வேலையும் குறைந்தது. சில குடும்பங்கள் சொந்த ஊருக்கே போய்விட்டன.

அந்தச் சமயத்தில் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் திங்கட்கிழமை காலை சட்டைப்பையில் ஒரு பொட்டலத்தோடு வந்தான். ஒரு காகிதத்தில் மஞ்சள் தூள், இன்னொன்றில் வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. “டீச்சர், ரெண்டையும் கலக்கட்டுங்களா?” என்று கேட்டான். சிலேட்டின் மேல் கொஞ்சம் மஞ்சள் வைத்துத் தண்ணீர் விட்டு, விரல் நுனியில் சுண்ணாம்பு தொட்டுக் குழைத்தான். மஞ்சள், குங்குமச் சிவப்பானது. முப்பது பிள்ளைகளும் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். அதன் மேல் எலுமிச்சைச் சாறு விட்டால் திரும்ப மஞ்சளாகும் என்றான். அவன் அப்பா சாயப்பட்டறையில் கலர் போடுகிறவர். வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ஞாயிற்றுக்கிழமையில், பாட்டியின் வெற்றிலைப் பெட்டியை எடுத்துவைத்து மகனுக்கு இதைக் காட்டியிருக்கிறார்.

நான் கேட்காமலே ஒரு வீட்டிலிருந்து வந்த பாடம் அது. அந்த வார வெள்ளிக்கிழமை முதன்முதலாகச் சீட்டு எழுதினேன்: “உன் வீட்டில் நிறம் மாறும் பொருள் எது? பெரியவர்களிடம் கேட்டு, பார்த்து வா.” திங்கட்கிழமை வகுப்பே ஒரு ஆய்வுக்கூடமாக ஆனது. செம்பருத்திப் பூ ஊறிய தண்ணீரில் எலுமிச்சை விட்டால் சிவக்கும் என்றாள் ஒருத்தி. கட்டஞ்சாயாவில் எலுமிச்சை விட்டால் வெளுக்கும் என்றான் ஒருவன். குழம்பு சிந்திய சட்டைக்குச் சோப்புப் போட்டால் கறை முதலில் சிவப்பாகும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது, அலசினால் திரும்பிவிடும் என்று அம்மா சொன்னதாக இன்னொருத்தி. நான் ஆசிரியர் பயிற்சியில் படித்த அமிலம், காரம் எல்லாம் அவர்கள் வீட்டு அடுப்படியில் ஏற்கெனவே இருந்தன.

பிற்பாடுதான் இதையெல்லாம் யோசித்து எழுதிவைத்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. புத்தகச் சுமையைப் பற்றிப் பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு 1993இல் கொடுத்த அறிக்கை, தொடக்க வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டுச் சூழலைத் தேடிப் பார்க்கும் வேலையாக இருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்கிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் டூசான் நகரில் லூயிஸ் மோல் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும், மெக்ஸிகோவிலிருந்து வந்து குடியேறிய உழைக்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஆசிரியர்களையே அனுப்பிவைத்தார்கள். பாடம் சொல்லித்தர அல்ல, அந்த வீடுகளுக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொண்டு வர. 1992இல் அவர்கள் எழுதிய கட்டுரை உலகெங்கும் படிக்கப்படுகிறது. நம் ஊரிலும் 2018 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் முதல் இரண்டு வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. 2020இல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கை அதையே சொல்லி, 3 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு வாரத்துக்கு 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லை கட்டியது. தினத்துக்கு அல்ல, வாரத்துக்கு. அந்த ஒரு சொல்லைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

சீட்டு எழுதுவதற்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாடுகள் கொஞ்சம்தான். காசு செலவாகக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பிள்ளைக்குத் துணையிருக்க முடிய வேண்டும். அரை மணி நேரத்தில் முடிய வேண்டும், ஏனென்றால் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அந்த வீடு துணி துவைத்து, கறி எடுத்து, ஒரு வாரத்துக்கான தூக்கத்தையும் தூங்க வேண்டும். ‘அப்பாவிடம் கேள், அம்மாவிடம் கேள்’ என்று எழுத மாட்டேன்; ‘வீட்டுப் பெரியவர்’ என்றுதான் எழுதுவேன். ஒருமுறை குடும்ப மரம் வரையச் சொல்லி, அப்பா இல்லாத ஒரு பையன் தாளில் ஓர் ஓட்டை போட்டுக் கொண்டுவந்ததிலிருந்து வந்த பழக்கம் அது. கடைசியாக, பிள்ளைகள் கொண்டுவருவதை வகுப்பில் கட்டாயம் பேச வைக்க வேண்டும். பேசாமல் விட்டால் வீட்டுக்கு அவமரியாதை.

இத்தனை வருடச் சீட்டுகளில் என்னால் மறக்க முடியாதது அளவு லேபிள் பற்றியது. ஒரு பெண் பிள்ளை எண்ணிப் பழகக் கொஞ்சம் வேஸ்ட் லேபிள்களைக் கொண்டுவந்திருந்தாள். விரல் நகம் அளவுத் துணித் துண்டுகளில் 98, 104, 110, 116, 122 என்று இருந்தன. வரிசையாக அடுக்கியதுமே பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்: “ஆறு ஆறாக் கூடுதுங்க டீச்சர்!” ஏன் ஆறு என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. நம்மூர் ஆண்கள் பனியனில் 80, 85, 90 என்று வருவது மார்புச் சுற்றளவு என்று தெரியும். இது எது? அதையே அந்த வாரச் சீட்டாக எழுதினேன்.

பெரும்பாலான பிள்ளைகள் “அது சைஸ் நம்பர்” என்ற பதிலோடு வந்தார்கள். ஒரு கட்டிங் மாஸ்டரின் மகன் மட்டும் வேறு பதில் கொண்டுவந்தான். ஐரோப்பாவுக்குப் போகிற குழந்தை உடுப்பில் அந்த எண் குழந்தையின் உயரமாம், சென்டிமீட்டரில். 116 என்றால் 116 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்குத் தைத்தது. உடனே வகுப்பறைக் கதவு நிலையில் இன்ச் டேப்பை ஒட்டினோம். டைலர்கள் வீட்டில் டேப்புக்குப் பஞ்சமில்லை. ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். நிலையில் கோடு போட்டு, பக்கத்தில் பெயர் எழுதினேன். “நான் 122!” “நான் 116, இவனும் 116!” என்று ஒரே கூச்சல். 119 வந்த பிள்ளை, தனக்கு எது சரியாக இருக்கும் என்று யோசித்து, “வளர்ற புள்ளைதானுங்க டீச்சர், பெருசையே எடுத்துக்கலாம்” என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தச் சோதனை வீடுகளுக்குப் போயிற்று. திங்கட்கிழமை லேபிள் கொண்டுவந்த பெண்ணின் அம்மா, கம்பெனிக்குப் போகும் வழியில் சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றார். ஈரோட்டுப் பக்கம் சொந்த ஊர். லேபிள் வைத்துத் தைப்பதுதான் அவருக்கு வேலை. “எட்டு வருசமா வெச்சுத் தெச்சுட்டு இருக்கறனுங்க டீச்சர். இந்த நம்பருக்குள்ள ஒரு கொழந்தை நிக்குதுன்னு தெரியாமயே போச்சுங்க” என்றார். சொல்லிவிட்டு மகளின் தலையில் கை வைத்து, “எங்க புள்ள நூத்திப் பதினாறு” என்றார். கம்பெனி வேன் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டார். பிள்ளைக்குப் பாடம் கொடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மாவுக்குத் தன் வேலையிலேயே ஒரு விவரம் கிடைத்ததும், அதைத் தன் மகளே கொண்டுவந்து கொடுத்ததும் நான் கணக்கில் வைக்காதவை.

துவைக்கும் முறை சொல்லும் லேபிளும் நல்ல பாடம். தொட்டி, முக்கோணம், சதுரம், இஸ்திரிப் பெட்டி, வட்டம் என்று படமாகவே இருப்பதால் எந்த மொழிக்காரரும் படிக்கலாம். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் ஆறு மாதமாக வகுப்பில் வாய் திறக்காமல் இருந்தான். அவன் அப்பா அயர்ன் டேபிளில் வேலை பார்ப்பவர். அந்த லேபிளைச் சீட்டாகக் கொடுத்த வாரம், திங்கட்கிழமை அவன் எழுந்து வந்து, கரும்பலகையில் இஸ்திரிப் பெட்டி வரைந்து, அதற்குள் ஒரு புள்ளி வைத்து “கொஞ்சம் சூடு” என்றான். இரண்டு புள்ளி வைத்து “நடு சூடு” என்றான். மூன்று புள்ளி வைத்து, “நிறைய சூடு, காட்டன் மட்டும், அப்பா சொன்னாங்க” என்றான். அதுதான் எங்கள் வகுப்பில் அவன் பேசிய முதல் தமிழ். அவனைத் தமிழ் எழுத்து எழுத வைக்க நான் எடுத்துக்கொண்ட பாட்டில் பாதி அன்றைக்கே குறைந்துவிட்டது.

பாட்டியை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று ஒரு வாரம் கேட்டேன். அம்மாயி, ஆத்தா, அப்பத்தா, அம்மாச்சி, நானி, தாதி, ஜேஜேமா என்று கரும்பலகை நிறைந்தது. எந்த ஆற்றில் குளித்தார்கள் என்று கேட்ட வாரம் வைகையும் காவிரியும் மகாநதியும் வந்தன. உள்ளூர்ப் பிள்ளை ஒருத்தி மட்டும் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “எங்க அப்பாரு நொய்யல்ல நீச்சல் அடிச்சாராம் டீச்சர். மீன் கூடப் புடிச்சாராம்.” சாயத் தண்ணீராகவே அதைப் பார்த்து வளர்ந்த மற்ற பிள்ளைகள் நம்பவில்லை. அவளுடைய அப்பாருவை, அதாவது தாத்தாவை, ஒருநாள் பள்ளிக்கு வரவழைத்து அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன்.

எல்லாச் சீட்டும் இப்படி இனிப்பாக முடிந்ததில்லை. ஒரு முறை, “வீட்டில் உள்ள பொருளை டஜன் டஜனாக எண்ணி வா” என்று எழுதினேன். பனியன் ஊரில் டஜன் என்பது தாய்மொழி மாதிரி. பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு நல்ல வழி என்று நினைத்தேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘7 டஜன் = 84’ என்று சரியாக எழுதி வந்தாள். என்ன பொருள் என்று கேட்டேன். “பீஸ் டீச்சர். நானும் அம்மாவும் பிசிறு வெட்டுனது.” அவள் வலது கைக் கட்டைவிரலின் உள்பக்கம் தொட்டுப் பார்த்தேன். சிறு கத்தரியின் வளையம் அழுத்தி அழுத்திக் காய்த்திருந்தது.

வீட்டுக்கு மூட்டையாக பீஸ் வாங்கி வந்து, தையலில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டிக் கொடுக்கும் வேலை அது. எண்ணிக்கைக்குக் கூலி. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் உதவலாம் என்ற விலக்கையும் சேர்த்தார்கள். அந்த விலக்குக்கும் அந்தக் காய்ப்புக்கும் நடுவில்தான் என் மாணவி உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். சட்டத்தைச் சொல்லி மிரட்டப் போகவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையின் விரலை அம்மாவிடம் காட்டினேன். அவர் பார்த்து அழுதார். “வாடகை ஏறிப்போச்சு டீச்சர்” என்றார். அவருக்கு நான் பணம் கொடுத்துவிட முடியாது. பிள்ளை கையில் கத்தரி கொடுக்க மாட்டேன் என்று மட்டும் வாக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். பெரும்பாலும் காப்பாற்றினார் என்றே நம்புகிறேன். வேலையைப் பற்றிக் கேட்கலாம், அந்த வேலையைப் பிள்ளை செய்கிற மாதிரி கேட்கக் கூடாது என்று அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டையும் இரண்டு முறை படித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

2020 மார்ச்சில் பள்ளி மூடியது. வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினோம். வீட்டுக்கு ஒரே போன், அது அப்பா கையில், அப்பா கம்பெனியில். கம்பெனி மூடியிருந்த மாதங்களிலோ ரீசார்ஜ் செய்யக் காசு இல்லை. வடமாநிலக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்குக் கிளம்பின. நான் முடிந்த வரை சீட்டை மட்டும் விடாமல் எழுதி, லைன் வீட்டுக் குழாயடிச் சுவரில் வெள்ளிக்கிழமைதோறும் ஒட்டினேன். 2021 அக்டோபரில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியபோது, அந்தக் காம்பவுண்டிலேயே குடியிருந்த தன்னார்வலர் பெண் ஒருவர் மாலை நேரத்தில் அந்தச் சீட்டை வைத்தே பிள்ளைகளைப் பேச வைத்தார். அதற்கு அவருக்கு என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

2021 நவம்பர் 1ஆம் தேதி தொடக்கப் பள்ளிகள் திறந்தன. பத்தொன்பது மாதம் கழித்து வகுப்பறைப் பூட்டைத் திறந்தபோது, கதவு நிலையில் பழைய கோடுகள் அப்படியே இருந்தன. இரண்டாம் வகுப்பில் விட்டுப்போனவர்கள் நான்காம் வகுப்பாக வந்து நின்றார்கள். அந்த வாரம் சீட்டுக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் பழைய கோட்டின் மேல் புதுக் கோடு போட்டு, எவ்வளவு வளர்ந்தோம் என்று கழித்துப் பார்த்தார்கள். எட்டு, ஒன்பது, பத்து. எழுத்துகள் பாதி மறந்திருந்தாலும் கழித்தல் வந்தது.

ஐந்து பழைய கோடுகளின் மேல் மட்டும் புதுக் கோடு விழவில்லை. ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. இஸ்திரிப் பெட்டி வரைந்த பையனின் கோடும் அதில் ஒன்று. பள்ளிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது அந்த நிலையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். இப்போதைய பிள்ளைகள் அதைக் காட்டி, “இவங்கெல்லாம் யாருங்க டீச்சர்?” என்று கேட்பார்கள். சொல்வேன். போன வெள்ளிக்கிழமைச் சீட்டு அதிலிருந்து வந்ததுதான்: “உன் வீட்டுப் பெரியவர் இந்த ஊருக்கு வந்த முதல் நாள் எங்கே தங்கினார், யார் சோறு போட்டார்கள்? கேட்டு வா.”